அவள் பெயருக்கு நான் குரல் கொடுத்தேன்

இங்கே கனடாவில் மருந்துக்கடைக்குப் போனால் உடம்புக்கு என்ன என்று கேட்க மாட்டார்கள். "டேட் ஆஃப் பர்த்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பல் டாக்டர், வங்கி, டெலிபோன் கம்பெனி என்று எங்கே போனாலும் பிறந்த தேதியைச் சொன்னால்தான் மனுஷி. எங்கள் ஜவ்வாது மலையில் யாரும் யாரையும் இப்படிக் கேட்டதில்லை. சாமை அறுப்பில் பிறந்ததா, புளி உலுக்கும்போது பிறந்ததா என்று கேட்பார்கள், அதோடு சரி. போன மாதம் ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போனேன். கவுண்டரில் நின்ற பெண் கம்ப்யூட்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "இன்றைக்கு உங்கள் பிறந்தநாள்! ஹாப்பி பர்த்டே!" என்றாள். என் வாய் சும்மா இருக்கக் கூடாதா? "தேங்க் யூ, ஆனால் அது என்னுடையது இல்லை" என்று சொல்லிவிட்டேன். நீட்டிய மாத்திரைப் பையை அவள் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "அப்படியானால் இது யாருடைய மருந்து?" என்றாள். மேனேஜர் வந்து லைசென்ஸ் கேட்டார். படம் என்னுடையது, பெயர் சரி, தேதி சரி. "ஜோக் அடித்தீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிப் பையை வாங்கிக்கொண்டு வந்தேன். கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் வண்டியை எடுக்கவில்லை.

ஊரில் இருக்கிற உங்களுக்கும், என்னைப் போலக் கடல் தாண்டி வந்து நிற்கிறவர்களுக்கும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று அங்கேதான் தோன்றியது. நான் புலம்பெயர்ந்தவள் என்றால் என் அம்மா எனக்கு முன்பே புலம்பெயர்ந்தவள். எழுபதுகளின் தொடக்கத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட கூட்டத்தில் அப்பா, அம்மா, நான் என மூன்று பேர் வந்தோம். மூவருக்கும் ஒரே பாஸ்போர்ட். அதில் அம்மாவின் இடுப்பில் ஒரு குழந்தை. படம் எடுக்கும்போது தலையைத் திருப்பியிருக்கும், முகம் கலங்கலாக விழுந்திருக்கும். கீழே என் பெயர்: செல்வராணி.

கப்பலில் வந்து இறங்கியதும் தங்க வைத்த முகாமில் அதிகாரி எங்கே போகிறீர்கள் என்று கேட்டபோது, பட்டியலில் 'மலை' என்று ஒரு சொல் காதில் விழுந்ததும் அம்மா கையைத் தூக்கிவிட்டாளாம். மலை என்றால் தேயிலை, தேயிலை என்றால் வேலை. அவளுக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். திருப்பத்தூரில் இறங்கி, மலையேறி, கொழுந்துக் கூடையை முதுகில் போட்டு அதன் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு நின்றாள். எதிரே சாமைக் கொல்லையும் புளியமரமும் பலாமரமும். "தேயிலைக் காடு எந்தப் பக்கங்க?" என்று கேட்டாளாம். அங்கே சிறு கடை வைத்திருந்த காசியம்மா விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். "இன்னாமே இது, டீத்தூள் வேணும்னா கடையில வாங்கு. அதுக்குக் கூடைய மாட்டிக்கினு மலையேறணுமா?" மலையடிவாரத்துப் படவேட்டிலிருந்து புளி வாங்க வந்து மலையிலேயே தங்கிவிட்டவள் அந்தக் காசியம்மா. எனக்கு அத்தையானாள், அம்மாவுக்கு இருந்த ஒரே சிநேகிதியும் ஆனாள்.

தேயிலை இல்லாத மலையில் அம்மா பதினேழு பதினெட்டு வருஷம் அந்தக் கூடையோடு வாழ்ந்தாள். புளி பொறுக்கினாள், கடுக்காய் பொறுக்கினாள். இரண்டு கையும் ஒன்றையொன்று பார்க்காமல் வேலை செய்யும். காலையில் விடிந்தும் விடியாமல் வாசலில் வந்து நேராக நிற்பாள். தோட்டத்தில் கங்காணி பெயர் கூப்பிடும் நேரம் அது. இங்கே கூப்பிட யாருமில்லை என்று ஞாபகம் வந்ததும் உள்ளே போய் அடுப்பு மூட்டுவாள். அப்புறம் என்னைக் கூப்பிடுவாள். "செல்வராணி!" நான் "இன்னாம்மா?" என்று குரல் கொடுத்த உடனே என் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை சர்க்கரை விழும். பால் இல்லாத டீயைக் குடித்துவிட்டு அதை நக்கிக்கொள்வேன். தோட்டத்துப் பழக்கம் அது. எனக்கு நினைவு தெரிந்த முதல் காரியமே இதுதான்: பெயர், பதில், சர்க்கரை. உலகத்தில் எந்தப் பிள்ளைக்கும் இப்படி ஒரு அம்மா வாய்த்திருக்க மாட்டாள் என்று பூரித்துப் போயிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார், "பொண்ணுக்கு வயசுக்கேத்த வளர்த்தி இல்லியேம்மா" என்றார். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அன்று முதல் எனக்கு முட்டை, கேழ்வரகுக் கூழ், நெல்லிக்காய் என்று திணிக்க ஆரம்பித்தாள். மாதம் ஒருமுறை கதவோரம் நிற்க வைத்துக் கரியால் கோடு போட்டுப் பார்ப்பாள். கோடு ஏறாத மாதம் அவள் சாப்பாட்டில் பாதி என் தட்டுக்கு வந்துவிடும். அப்பா நான் எட்டாவது படிக்கையில் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதற்குப் பிறகும் என் தட்டில் எதுவும் குறையவில்லை, அவள் தட்டில்தான் குறைந்தது.

எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். குடும்பத்தில் அகாலமாகச் செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அவளுக்குப் புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். வீட்டில் கல்யாணம் என்றால், பம்பை மேளம் அடித்து அவளைப் பெயர் சொல்லி அழைத்து, உத்தரவு வாங்கிய பிறகுதான் தாலி. இதை அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தவள் காசியம்மாதான். எத்தனையோ பழக்கங்களைத் தலையாட்டிக் கேட்டு அப்படியே விட்டுவிட்ட அம்மா, இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பொங்கலுக்கு முன் ஒரு சின்னப் பாவாடை சட்டை வாங்கி வைத்துப் படைப்பாள். நான் வளர்ந்துகொண்டே போனேன், அந்தப் பாவாடை வளரவே இல்லை. "சாமிக்கு மட்டும் ஏம்மா எப்பவும் குட்டிப் பாவாட?" என்று ஒருமுறை கேட்டேன். "அவ அம்புட்டுதான் தாயி" என்றாள். மற்ற வீடுகளில் செத்தவள் பெயரைச் சொல்லிக் கும்பிடுவார்கள். அம்மா உதட்டை மட்டும் அசைப்பாள்.

எண்பதுகளின் நடுவில், நான் நர்ஸ் படிப்பு முடித்ததும், காசியம்மா தன் அக்கா மகனுக்கு என்னைக் கேட்டாள். கல்யாணத்துக்கு முதல் நாள் பொழுது சாயும் நேரத்தில் எங்கள் வாசலில் பூவாடை அழைப்பு. படவேட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் நலங்கு மஞ்சளோடு கதவுக்குப் பின்னால் இருந்தேன். கிணற்றிலிருந்து நீர் எடுத்துக் கரகம் ஜோடித்து, உச்சியில் எலுமிச்சம்பழம் வைத்து, பக்கத்தில் அந்தக் குட்டிப் பாவாடையை மடித்து வைத்திருந்தார்கள். பம்பைக்காரர் அடித்தார், பாடினார், வியர்த்தார். உத்தரவு சொல்ல வேண்டிய எலுமிச்சம்பழம் அசையவில்லை. பம்பையை நிறுத்தி, "பேரு சொல்லும்மா. பேரு சொல்லாம யாரன்னு கூப்புடறது?" என்றார்.

அம்மா கரகத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உத்தரவு வராம நாளைக்குத் தாலி ஏறாது. சொல்லு" என்று காசியம்மாவும் உலுக்கினாள். கதவு இடுக்கு வழியாக அம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது. விடியலில் வாசலில் நிற்பாளே, அதே போல நேராக நின்றாள். கரகத்தைப் பார்த்து, தொண்டை கிழிய, ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள்.

"செல்வராணி!"

கதவுக்குப் பின்னாலிருந்து நான், "இன்னாம்மா?" என்றேன்.

பம்பைக்காரரின் கைக்குச்சி கீழே விழுந்த சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. கல்யாணப்பெண்ணின் பெயரைச் சொல்லிச் செத்தவளை அழைத்தால் யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்? மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டார்கள். அம்மா தரையில் சரிந்து, பாவாடையை மடியில் அள்ளிக்கொண்டாள். அத்தனை பேர் முன்னால், இத்தனை வருஷமும் மூடி வைத்திருந்ததைக் கொட்டினாள்.

கப்பல் ஏற மூன்று வாரம் இருக்கும்போது தோட்டத்தில் விஷக்காய்ச்சல் வந்திருக்கிறது. ஒரே வாரத்தில் அம்மாவின் மகள் செல்வராணி போய்விட்டாள். அடுத்த வீட்டில் இருந்த மீனாட்சி என்கிற விதவையும் போய்விட்டாள். மீனாட்சியின் பெண்குழந்தை மட்டும் மிச்சம். அதற்குச் சொந்தமும் இல்லை, காகிதமும் இல்லை. பாஸ்போர்ட்டில் ஒரு குழந்தைக்கு இடம் இருந்தது. தன் பிள்ளையைப் புதைத்த மறுநாளே அம்மா அந்தக் குழந்தையைத் தூக்கி வந்து, கப்பல் ஏறும் நாள் வரை காலையிலிருந்து சாயங்காலம் வரை அதைச் 'செல்வராணி' என்று கூப்பிட்டுப் பழக்கியிருக்கிறாள். திரும்பிப் பார்த்தால் சர்க்கரை. பதில் சொன்னால் இன்னும் கொஞ்சம் சர்க்கரை. அதிகாரி கூப்பிடும்போது குழந்தை முழிக்கக் கூடாதே.

அந்தக் குழந்தை நான்.

எனக்கு அழுகை வரவில்லை. என் மேல் பூசியிருந்த மஞ்சள் வேறு யாருக்கோ பூசியது போல இருந்தது. அப்பா, அம்மா, பெயர், வயசு எல்லாம் ஒரே மூச்சில் போய்விட்டன. நான் அன்பு என்று நக்கிய சர்க்கரை கூட ஒரு வேலைக்காகப் போட்டதாகிவிட்டது. வெளியே யாரோ, "எந்த சாதியோ, யாரு பெத்ததோ" என்று ஆரம்பித்தார்கள். காசியம்மாதான் எழுந்து நடுவில் நின்றாள்.

"யாரு பெத்தா இன்னா? பதினஞ்சு வருசமா இவ சோத்தக் கொறச்சிக்கினு வளத்தத நான் பாத்துக்கினு இருக்கறேன். இவ பொண்ணுதான் அது. வேணாங்கறவங்க கெளம்புங்க, பஸ்ஸு இருக்குது." பிறகு பம்பைக்காரரைப் பார்த்து, "பேரு சொல்லியாச்சு இல்ல? அடி" என்றாள்.

பம்பை மறுபடி முழங்கியது. எலுமிச்சம்பழம் உருண்டது. காற்றோ, சாமியோ, எனக்குத் தெரியாது. மறுநாள் தாலி ஏறியது. மாப்பிள்ளை, அதாவது என் கணவர், "ஒனக்கு எந்தப் பேரு புடிக்குதோ அதச் சொல்லு, நான் அதையே கூப்புடறேன்" என்றார். நல்ல மனுஷர். ஆனால் எனக்குச் சொல்ல வேறு பெயர் இல்லை.

படவேட்டுக்குப் புறப்படும்போதுதான் அம்மாவிடம் பேசினேன். ஒரே கேள்விதான் கேட்டேன். "என் நெசப் பேரு இன்னா?"

அம்மா என் முகத்தைத் தடவினாள். "மறந்துட்டேன் தாயி" என்றாள்.

"பொய் சொல்லாத."

"பொய் இல்ல புள்ள. வாய் தவறி அந்தப் பேரச் சொல்லிட்டா ஒன்ன புடிச்சு வச்சிக்குவாங்கன்னு பயம். அதனால தெனமும் மறந்தேன். மறந்து மறந்து, நெசமாவே போயிருச்சு."

கோபத்தில் பஸ் ஏறிவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து இந்த நாட்டுக்கு வந்தேன். ஆறுமாதத்தில் தந்தி வந்தது. அம்மா புளி உலுக்கப் போன இடத்தில் உட்கார்ந்தபடியே போய்விட்டாளாம், முதுகில் கூடையோடு. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காசியம்மா என் கையில் தகரப்பெட்டியைக் கொடுத்தாள். உள்ளே ஒவ்வொரு வருஷத்துக் குட்டிப் பாவாடையும் மடிப்புக் கலையாமல் இருந்தது. ஒரு தாய் தன் பிள்ளையை வாய்விட்டுப் பெயர் சொல்லி அழ முடியாமல் இருந்திருக்கிறாள். கூப்பிட்டால் நான் ஓடி வந்துவிடுவேனே! எனக்கு உயிர் கொடுக்க அவள் எதை விழுங்கினாள் என்று அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. கோபித்துக்கொண்ட அந்த இரண்டரை வருஷத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்த ஊர்க் குடியுரிமையும் அந்தப் பெயரில்தான் வாங்கினேன். இன்னொரு சிறுமியின் பெயரில் இன்னொரு நாட்டுக்கும் வந்துவிட்டேன். பொங்கலுக்கு முன் நானும் படைக்கிறேன். வெளியே பனி கொட்டும், பம்பை கிடையாது, ஊதுபத்திப் புகைக்கு அலாரம் அலறும் என்று அதன் பேட்டரியைக் கழற்றி வைப்பேன். சமையலறை மேடையில் ஒரு குட்டிப் பாவாடை, ஒரு டம்ளர் பால் இல்லாத டீ. இத்தனை வருஷமும் அம்மாவைப் போல உதட்டை மட்டும்தான் அசைத்தேன். மருந்துக்கடைக்குப் போய் வந்த மறுநாள், பொங்கலுக்குக் கூடக் காத்திருக்காமல், பாவாடையை எடுத்து வைத்து வாய்விட்டுக் கூப்பிட்டேன்.

"செல்வராணி!"

அவள் வருவதற்குள் என் வாய் முந்திக்கொண்டு, "இன்னாம்மா?" என்றது. கை தானாக நீண்டு விரிந்திருந்தது.  பிறகு சர்க்கரை டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து, பாவாடையின் மேல் வைத்தேன். எனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. அவள் பங்கைத்தான் இத்தனை வருஷமும் நான் தின்றிருக்கிறேன்.