எழுவான் 435, படுவான் 145

ஹனீபா நானா மௌத்தாகிவிட்டார். காலையில் ஓட்டமாவடியிலிருந்து அவருடைய மகள் கோல் எடுத்து மரணச் செய்தியைச் சொன்னா.

ஹாம் ரேடியோ ஆட்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்கு... நாங்கள் சிலர் சேர்ந்து செய்த குட்டிச் செய்மதி எந்த அலைவரிசையில் பேச வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த மனிசன் அவர்தான்.

எங்கள் ஊர் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. நானா அந்தப் பெயர்களை வானத்துக்கும் கொண்டுபோனார். நாங்கள் மேலே அனுப்புவது எழுவான், அது கீழே அனுப்புவது படுவான். அப்லிங்க், டவுன்லிங்க் என்று அவர் வாயில் வந்ததே இல்லை.

145 மெகாஹேர்ட்ஸில் மேலே அனுப்புவோம் என்றேன் நான். எல்லாரிடமும் அந்த செட் இருக்கிறதே.

"எல்லார்ட்டயும் இரிக்கிறதுதான் தம்பி கரைச்சல். கடல்ல போற போட்டெல்லாம் அதிலதான் கதைக்கிற. மேல நிக்கிற செய்மதிக்கு அவ்வளவும் கேக்கும், நம்மட சத்தம் கேக்காது. ஏத்தினாப் பிறகு இறக்கி மாத்த ஏலா."

நான் கடலோரத்துப் பெரியகல்லாற்றான். என் அண்ணனின் போட்டிலும் அதே செட்தான்... சரி என்றேன்.

எழுவான் 435, படுவான் 145 என்று முடிவானது. செய்மதியின் சின்ன பற்றரிக்கும் 145இல் கீழே அனுப்புவதுதான் லேசு.

அது மேலே போனபோது நானா ஆஸ்பத்திரியில். அதன் சத்தத்தை ஒருக்கா கேட்டால் போதும் என்றார்.

குரூப்பில் "படுவான்ல கவனமா கேளுங்க" என்று போட்டார். எங்கள் சுதன் அன்டனாவைப் படுவான்கரைப் பக்கம் திருப்பி வைத்துக் காத்திருந்தான். செய்மதி கிழக்கே, கடல் பக்கத்தால் போய்விட்டது.

நானா இருமி இருமிச் சிரித்தார். எனக்குத்தான் ஆத்திரம். அடுத்த சுற்றுவரை மனிசன் இருப்பாரோ என்று பயம்.

அடுத்த சுற்றில் பிடித்தோம். நானாவுக்குக் கோல் எடுத்து, ரேடியோவுக்குப் பக்கத்தில் போனை வைத்தேன். கீ... கீகீ... என்று மோர்ஸ் தந்திக் குறி.

நானா மெதுவாக, "சத்தம் இறங்குது தம்பி. உச்சி தாண்டிட்டு" என்றார். செய்மதி விலகிப் போகும்போது சுருதி அப்படித்தான் இறங்கும்.

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அதே நேரம்தான் செய்மதியும் எங்கள் தலைக்கு மேலால் போனது. ரேடியோக்காரர் எல்லாரும் மையவாடியில் நின்றோம்.

எழுவானில் இன்றைக்கு ஒருவரும் கதைக்கவில்லை நானா. போயிட்டு வாங்க.