மடித்துவிட்ட சட்டைக்கை

லிப்ட்காரர் உடம்பில் ஓடுவது முழுக்கப் புது ரத்தமாம். அதனால்தான் தலையில் ஒரு நரைகூட இல்லையாம். கார் துடைப்பவர் காவலாளி காதில் போட்டதை, காவலாளி லிப்ட்காரரின் மாப்பிள்ளை காதில் போட்டார். மாப்பிள்ளை அதை வீட்டுக்குள் கொண்டுவந்தபோது, லிப்ட்காரரின் மனைவி குளியலறை அலமாரியைத் திறந்து தலைச்சாயப் பாட்டிலை எடுத்துக் காட்டினார்.

ரத்தம் கொடுப்பது என்னவோ நிஜம். மறுபடி கொடுக்கலாம் என்று ரத்த வங்கியில் சொன்ன நாள் வந்துவிட்டால் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கு லிப்ட் ரிப்பேருக்கான கருவிப்பையை உடன் வேலை செய்பவர் தூக்க வேண்டும். இவர் டார்ச் மட்டும் பிடிப்பார். சட்டைக்கை முழங்கைக்கு மேலே மடிந்திருக்கும். பிளாஸ்திரி தெரிய வேண்டுமே. என்ன ஆச்சு என்று யாராவது கேட்கும்வரை மடிப்பு இறங்காது. கேட்ட பிறகும் இறங்காது.

டாக்டர் என்றால் மட்டும் ஆகாது. "ஒவ்வொரு தடவையும் அவங்களே குத்திப் பாத்து, பிரஷர் பாத்துத்தான எடுக்குறாங்க? ஓசியில செக்கப். அப்புறம் டாக்டர் எதுக்கு?"

சில மாதங்களாக இந்த நியாயம் வீட்டில் எடுபடவில்லை. லிப்ட் நின்றுபோன கட்டடத்தில் லிப்ட்காரர் படியில்தான் ஏறியாக வேண்டும். பாதி வழியில் நின்று, மோட்டார் சத்தம் கேட்பவர்போல லிப்ட் கதவில் காதை வைத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார். நின்றுபோன மோட்டாரில் என்ன சத்தம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

மனைவிதான் கேட்டார். "மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. ஒரு டாக்டரப் பாத்தா என்ன கொறஞ்சா போயிடும்?"

"அடுத்த தடவை ரத்தம் எடுக்கட்டும். எடுத்துட்டாங்கன்னா நீ வாயத் தொறக்கக் கூடாது."

"எடுக்கலன்னா?"

"நீ சொல்ற டாக்டர்."

சாட்சிக்கு மாப்பிள்ளையை அனுப்பினார் மனைவி. போகிற போக்கில் நானும் கொடுக்கிறேன் என்று சொல்லி மாப்பிள்ளை மாட்டிக்கொண்டார்.

ரத்த வங்கியின் பெஞ்சில் அவருக்குப் பாடம் நடந்தது.

"மாப்பிள்ளை, நல்லா சாப்ட்டீங்கல்ல? இன்னொரு டம்ளர் தண்ணி குடிங்க. ஊசியப் பாக்காதீங்க. மேல ஃபேன் இருக்குல்ல, அதுல எத்தனை றெக்கைன்னு எண்ணுங்க."

"மூணு மாமா."

"இப்பவே எண்ணிட்டா அப்ப என்ன பண்ணுவீங்க?"

மாப்பிள்ளை இன்னொரு டம்ளர் தண்ணீரைக் குடித்தார்.

"லிப்ட் கெளம்புறப்ப வயித்துல லேசா ஒரு இழுப்பு வருமில்ல? அவ்வளவுதான். அப்புறம் கையில குடுக்குற பந்த அமுக்கிக்கிட்டுப் படுத்துக் கெடக்க வேண்டியதுதான். முடிஞ்சதும் வீராப்பா சட்டுனு எந்திரிக்காதீங்க. பெரிய பெரிய பயில்வானெல்லாம் அங்கதான் சாஞ்சிருக்கான். பிஸ்கட்டு, ஜூஸ் குடுப்பாங்க, பிகு பண்ணாம வாங்கிக்குங்க."

முதலில் மாப்பிள்ளையின் விரல் நுனியில் குத்திச் சோதித்து, அவரைக் கட்டிலுக்கு அனுப்பினார்கள். மாப்பிள்ளை தன் போனை மாமனாரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்து லிப்ட்காரர் விரலை நீட்டினார். நர்ஸ் கருவியைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"ஐயா, ரத்தம் கம்மியா இருக்கு. இன்னிக்கு எடுக்க முடியாது."

"அது ஸ்பேனர் புடிக்கிற வெரலும்மா, தோலு தடிப்பு. இந்தக் கையில பாருங்க."

அந்தக் கையிலும் பார்த்தார்.

"அதேதான். போன தடவையே விளிம்புல இருந்துச்சு. இவ்வளவு எறங்குனா ஏன்னு பாக்கணும். இந்த வாரமே டாக்டர்கிட்ட போங்க, தள்ளிப் போடாதீங்க."

"சரிம்மா," என்றார்.

மாப்பிள்ளையின் கட்டிலருகே ஒரு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை ஊசி இருந்த கையை மறந்து ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். லிப்ட்காரரின் சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவி. அது ஓயும்வரை விட்டார். பிறகு பக்கத்துத் தட்டிலிருந்து கொஞ்சம் பஞ்சும் ஒரு துண்டு பிளாஸ்திரியும் எடுத்தார். எப்போதும் ஊசி இறங்கும் இடத்தில் பஞ்சை வைத்து, பிளாஸ்திரியை ஒட்டி, ஓரங்களை விரலால் நீவினார். சட்டைக்கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டார்.

இப்போது மடியிலிருந்த மாப்பிள்ளையின் போன் அடித்தது.

"யாரு மாமா?"

"உங்க அத்தை."

"எடுத்துப் பேசுங்களேன். பாவம், காலையிலேர்ந்து தவிச்சிட்டு இருக்காங்க."

லிப்ட்காரர் எடுக்கவில்லை. மாப்பிள்ளை தலையைத் திருப்பினார். பிளாஸ்திரியைப் பார்த்தார். அடுத்த கட்டிலைப் பார்த்தார். விரிப்பு கசங்காமல் இருந்தது.

"உங்களுக்கு எடுத்துட்டாங்களா மாமா?"

லிப்ட்காரர் மடித்துவிட்ட சட்டைக்கையை மெல்லக் கீழே இறக்கினார். பிளாஸ்திரி மறைந்தது. மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.