பெரும்பாலும் தீயது

அந்தச் சனிக்கிழமை நான் குபெர்டினோவுக்குப் போனது, ஒருவரைப் பார்த்துவிட்டுக் கல்யாணத்துக்குச் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்வதற்காக. ஜாதகம் பொருந்தியிருந்தது. படிப்பும் வேலையும் பொருந்தியிருந்தன. கோயம்புத்தூரிலிருந்து அம்மா விசாரித்ததில் ஒரே ஒரு விஷயம்தான் இடறியது.

"அந்த வீட்டு ஆம்பளைங்களுக்குப் பொம்பளைங்கள கை நீட்டி அடிக்கற பழக்கமாம் கண்ணு. தாத்தா அப்படித்தானாம், அப்பாவும் அப்படித்தானாம். பையன் எப்படின்னு நீயே பார்த்துக்க."

கலிஃபோர்னியாவில், சான் ரமோனில் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. எங்கே போனாலும் சோதிக்க வேண்டியவற்றை வரிசைப்படுத்திக்கொண்டுதான் போவேன். அன்றும் மனதில் ஒரு வரிசை இருந்தது: சமையல், என் வேலை, கிரீன் கார்டு, பெற்றோர் வந்து தங்குவது. கடைசியில் அது. முதல் நான்கையும் நேராகக் கேட்டுவிடலாம். அடிப்பீர்களா என்று கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்?

நான் பார்க்கப் போனவர் போனில் சொல்லியிருந்தார்: "சனிக்கிழமை மத்தியானம் நாங்க ஒரு கேம் ஆடுவோம். ரெஸ்டாரன்ட்ல உட்கார்ந்து ரெண்டு பேரும் நல்லவங்களா நடிக்கறதுக்கு, நீங்க இதுக்கே வந்துடலாம்."

சாப்பாட்டு மேஜையைச் சுற்றி மூன்று பேர் இருந்தார்கள்: அவர், அவருடைய ஊர்க்காரரான ரூம்மேட், சென்னைக்காரர் ஒருவர். மேஜையில் பலமுகப் பகடைகள், காகிதங்கள், ஒரு பை சிப்ஸ். அவர் கதையை நடத்துவார். மற்ற இருவரும் ஆளுக்கொரு வீரனாக இருந்து, என்ன செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். ஜெயிப்பதும் தோற்பதும் பகடையில்.

"புதுசா வர்றவங்களுக்கு மான்ஸ்டர்தான்," என்றார் ரூம்மேட். "தப்பா நினைக்காதீங்க, எங்க வழக்கம் அது."

எனக்குக் கிடைத்தது மஞ்சள் கண்ணும் கூரிய பல்லும் உள்ள ஒரு குள்ளப் பிராணி. வீரர்கள் குகையில் அதைப் பிடித்துக் கட்டிவைத்திருந்தார்கள். கதையை நடத்துபவர் என்பதால் அவர் ஒரு துண்டுச் சீட்டை என்னிடம் மட்டும் காட்டினார்: இடது பக்கப் பாலம் உறுதியானது, வலது பக்கத் தரை உள்வாங்கிவிடும்.

"உண்மையைச் சொன்னா விட்டுடறோம்," என்றார் ரூம்மேட், வீரனின் குரலில். "எந்தப் பக்கம் போகலாம்?"

அந்தப் பிராணியின் இடத்திலிருந்து யோசித்தேன். அதற்கு உயிர் பிழைக்க வேண்டும். பொய் சொல்லி அதற்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

"இடது பக்கம்," என்றேன்.

ரூம்மேட் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒவ்வொரு பிராணிக்கும் பல், வேகம், பலம் எல்லாம் போட்டு, நல்லதா தீயதா என்றும் ஒரு வரி இருக்கும். "இங்க பாரு மச்சி, ஈவில்னு போட்டிருக்கு. அப்ப பொய்தான் சொல்லும். வலது பக்கம் போ."

"யூஷுவலி ஈவில்னு போட்டிருக்குடா," என்றார் சென்னைக்காரர்.

"எல்லாம் ஒண்ணுதான்."

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். சில பிராணிகளுக்கு 'எப்போதும் தீயது', சிலவற்றுக்கு 'பெரும்பாலும்'. என்னுடையது பெரும்பாலும். எங்கள் வேலையில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் புரோகிராம் படுத்துவிடும். ஆனால் நான் கைதி. வாதாட எனக்கு இடமில்லை. வெறும் விளையாட்டுதான். இருந்தும் அவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்காமல் அந்த வரியையே பார்த்தது எனக்கு உறுத்தியது.

வலது பக்கம் போனார்கள். தரை உள்வாங்கியது. ரூம்மேட் பல மாதமாக வளர்த்த வீரன் செத்துப்போனான்.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடா," என்று அவர் மேல் பாய்ந்தார் ரூம்மேட்.

"கைதிதான் சொல்லுச்சே. நீதான் கேக்கல."

"ஆமா, பொண்ணு முன்னாடி பெரிய ஜட்ஜு. பிடிச்ச பிடிய விடமாட்டியே. அப்படியே உங்கப்பாடா நீ."

அவர் முகம் சட்டென்று இறுகியது. கையிலிருந்த பகடையை மேஜையில் வைத்தார், எழுந்தார், சமையலறைக்குப் போனார். குழாயில் தண்ணீர் நெடுநேரம் ஓடும் சத்தம் கேட்டது. சென்னைக்காரர் சிப்ஸ் பையை என் பக்கம் தள்ளினார். சமையலறையிலிருந்து அவர் திரும்பி வந்து உட்கார்ந்தபோது முன்நெற்றி முடி நனைந்திருந்தது.

"அப்பாவை இழுக்காத," என்றார், சாதாரணக் குரலில். "புது வீரன் வேணும்னா பகடையை உருட்டு."

சாயங்காலம் அவரே என்னைக் காரில் கொண்டுவந்து விட்டார். ஃப்ரீவேயில் ஏறிய பிறகு கேட்டேன், "உங்க அப்பாவைப் பத்தி எங்க அம்மா விசாரிச்சாங்க."

அவர் லேன் மாறினார்.

"சரியாத்தான் விசாரிச்சிருக்காங்க. அப்பா அம்மாவை அடிப்பார். நான் பார்த்திருக்கேன்."

"நீங்க?"

"யாரையும் அடிச்சதில்லை. ஆனா கோபம் வரும். வந்தா எழுந்து போயிடுவேன், இன்னைக்குப் பார்த்தீங்களே. நான் சொல்றதை நம்பித்தான் ஆகணும்னு இல்லை. உங்க இடத்துல நான் இருந்தாலும் யோசிப்பேன்."

நானும் யோசித்தேன். மத்தியானம் என்னை நம்பாத ரூம்மேட்டை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புத்தகத்தில் சும்மா எழுதியிருக்க மாட்டார்கள். 'பெரும்பாலும்' என்பதும் ஒரு தகவல்தான். அம்மா விசாரித்ததும் அப்படித்தான். தவறான பக்கம் போய் ரூம்மேட் இழந்தது காகிதத்தில் இருந்த ஒரு வீரனை. நான் தவறான பக்கம் போனால் உருட்டிப் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ள முடியாது. அதே சமயம், மறைத்திருக்கக்கூடியதை மறைக்காமல் சொன்னவரின் முகத்தைப் பார்க்காமல் அந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், நிமிடக் கணக்கில் முன்பணம் கட்டி வாங்கிய காலிங் கார்டில் அம்மாவை அழைத்தேன். அங்கே ஞாயிற்றுக்கிழமைக் காலை.

"கேட்டியா? அதெல்லாம் இல்லவே இல்லைன்னு சொல்லியிருப்பானே."

"இல்லைன்னு சொல்லலம்மா. அப்பா அடிப்பார்னு அவரே சொன்னார். தனக்கும் கோபம் வரும்னார்." ரூம்மேட் கத்தியதையும், குழாய்த் தண்ணீரையும், திரும்பி வந்த குரலையும் சொன்னேன்.

"அப்ப என்ன சொல்லட்டும் அவங்க வீட்டுல?"

"இப்போதைக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம். அடுத்த சனிக்கிழமையும் போறேன். அதுக்கடுத்ததும் போவேன். ஒரு தடவை பார்த்ததை வச்சு என்னால சொல்ல முடியாது."

"பொண்ணு பார்க்கறதுக்கு இத்தனை தடவையா? கேக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"நினைச்சா நினைக்கட்டும்மா," என்றேன். கார்டில் நிமிடங்கள் ஓடின.

"அவனைக் கோபப்படுத்தின அந்தச் சண்டைக்காரப் பையனும் வருவானா?" என்றாள் அம்மா.

"வருவார். அதே வீட்டுலதான் இருக்கார்."

"அப்பன்னா போ."