நான் நின்றால் நிற்கும் டிரான்ஸ்பார்மர்

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நேந்திரங்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் ஜீப் வந்து நின்றது. ஆபரேட்டர் குர்தீப் இறங்கி ஓடிவந்தார்.

"மேடம்ஜி, ஜல்தி! டிரான்ஸ்பார்மரை ஆன் பண்ணணும்."

அது எண்பதுகளின் தொடக்கம். தெற்கு டில்லி சப்ஸ்டேஷன் ஒன்றில் நான் ஜூனியர் இன்ஜினியர். பராமரிப்புக்காக நிறுத்திய டிரான்ஸ்பார்மரை மறுபடி சார்ஜ் செய்தால், அதாவது மின்சாரம் கொடுத்தால், சில நாள் ஒழுங்காக ஓடி நிலைத்து நிற்கும். சில நாள் உடனே டிரிப் ஆகி, சப்ளை துண்டித்துக்கொள்ளும். நான் கன்ட்ரோல் அறையில் இருந்தபோதெல்லாம் ஏனோ நின்றது. அவ்வளவுதான், ராசிக்காரி ஆகிவிட்டேன்.

டிரான்ஸ்பார்மரைச் சார்ஜ் செய்யும் கணத்தில் பெரிய கரண்ட் ஒன்று உள்ளே பாயும். அது ஃபால்ட் அல்ல. அதில் செகண்ட் ஹார்மோனிக், அதாவது இருமடங்கு அதிர்வெண் கொண்ட அலை, மிகுந்திருக்கும். அதை அடையாளம் கண்டு, டிரான்ஸ்பார்மருக்குக் காவலாக இருக்கும் டிஃபரென்ஷியல் ரிலேயை டிரிப் செய்யவிடாமல் பிடித்துவைப்பதுதான் ஹார்மோனிக் ரெஸ்ட்ரெயின்ட். எங்கள் ரிலேயில் அந்தப் பகுதிதான் பழுது என்பது என் சந்தேகம். பாயும் கரண்ட் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருக்காது. குறைவாக வந்த நாளில் தப்பித்தோம்.

அடுத்த மாதம் நாகர்கோவிலில் தம்பிக்குக் கல்யாணம். லீவு கேட்டால் எங்கள் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் பத்மநாபன் சார் மறுத்துவிட்டார்.

"அந்த வாரம் ஷட்டவுன் இருக்கும்மா. நீ இல்லாம யார் சார்ஜ் பண்றது?"

"ரிலேயைக் கழட்டி டெஸ்ட் பண்ணினா போதும், சார்."

"நீதான் இருக்கியே, அதை எதுக்குக் கழட்டணும்?"

அன்று மார்க்கெட்டிலிருந்து ஜீப்பில் போய் சப்ஸ்டேஷனில் இறங்கினேன். மே மாத வெயில். ஃபேன் நின்றுபோன காலனிக்காரர்கள் கேட்டை உலுக்கிக்கொண்டிருந்தார்கள். பேனல் முன்னால் நின்றேன். குர்தீப் சுவிட்சைத் திருப்பினார். டிரிப்!

பத்மநாபன் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா, நீயே இப்படிப் பண்ணிட்ட?"

ஆயில், வைண்டிங் எல்லாம் பார்த்தோம். டிரான்ஸ்பார்மரில் குறையில்லை. மறுபடி போட்டோம். மறுபடி டிரிப்.

குர்தீப் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மேடம்ஜி, வேற சேலை கட்டிட்டு வந்தா?"

"சேலை நல்லாத்தான் இருக்கு. ரிலேயைக் கழட்டுங்க!"

பத்மநாபன் சார் வெளி கேட் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கழற்றி டெஸ்ட் செய்ததில், ரெஸ்ட்ரெயின்ட் பகுதியில் ஒரு கெப்பாசிட்டர் செத்துக் கிடந்தது. மாற்றினோம். இந்த முறை நான் வேண்டுமென்றே வெளியே போய் வெயிலில் நின்றுகொண்டேன். ரிலே ஜெயித்தால் பெயர் ரிலேக்கே போகட்டும்.

டிரான்ஸ்பார்மர் உறுமியது. உறுமல் நிற்கவில்லை. கேட்டில் கைதட்டல்.

பத்மநாபன் சார் வெளியே வந்தார். "பிரமாதம்மா! இனிமே நீ தேவையே இல்ல. லீவு எடுத்துக்கோ."

சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது.

இளைய இன்ஜினியர்களுக்கு ஒன்று சொல்வேன். நீங்கள் பக்கத்தில் நின்றால்தான் ஒரு மெஷின் ஓடுகிறது என்று யாராவது புகழ்ந்தால், அன்றைக்கே அதைக் கழற்றி டெஸ்ட் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்கு லீவு கிடைக்காது.