ஆலை வாசலில் குடியேறிய அக்கா

அக்கா ஆரம்பாக்கத்தில், நெல் பயிரிடும் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். நைனா என்று நாங்கள் அழைத்த அப்பா இறந்தபோது அவர் பள்ளி இறுதி வகுப்பை முடித்திருந்தார். உதவித்தொகையும் விடுதியும் கிடைக்கும் என்பதால் சென்னையில் நர்ஸ் பயிற்சியில் சேர்ந்தார். சேவை மனம் என்று பிறர் புகழ்ந்தபோது அவர் மறுக்கவுமில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை. அவர் சம்பளத்தில்தான் தம்பியாகிய நான் படித்தேன்.

திருவள்ளூரில் அறுவைச் சிகிச்சை வார்டு. பின்பு பெரியபாளையம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையம். ஆடி மாதக் கூட்டத்துக்குக் காலரா ஊசி போடுவதும் அவர் வேலை. இரண்டிலும் இரவுப் பணி உண்டு. ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த வரன் வீட்டார் அதை மட்டும் விடச் சொன்னார்கள். அதற்காகவே அக்கா அரசு வேலையை விட்டு, கும்மிடிப்பூண்டி இரும்பு வார்ப்பாலை ஒன்றின் முதலுதவி அறைக்கு வந்தார். அங்கு பகல் வேலை மட்டுமே. நிச்சயம் நடந்தது.

அந்த ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. சூட்டுக்காயம் பட்டால் மெஷின் ஆயிலை ஊற்றி, எந்திரம் துடைக்கும் நூல்கழிவால் கட்டிக்கொள்வார்கள். இரவில் காயம்பட்டவர்கள் அந்தக் கட்டுடன் காலையில் வருவார்கள். அப்படி வந்த வயதான வார்ப்புத் தொழிலாளி ஒருவர், “எரிச்சல் அடங்கிப்போச்சு சிஸ்டரு, ஆயில் ஊத்திக்கினேன்” என்றார்.

“மெஷினுக்கு ஊத்தறத நீ ஊத்திக்கினா, உன் கைக்கு ஸ்பேர் பார்ட்டு எந்தக் கடையில விக்குது?”

அவர் சிரித்தார். காயம் சீழ் பிடித்து, சென்னையில் அவருடைய இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

இரவிலும் வேலை பார்க்கிறேன் என்று அக்கா கேட்டபோது, பெண்ணுக்கு இரவு ஷிப்ட் தர முடியாது என்றது நிர்வாகம். அக்கா ஆலை வாசலை ஒட்டிக் காலியாக இருந்த வீட்டைக் கேட்டார். எந்நேரமும் கூப்பிடலாம் என்றார். அம்மாவுக்குச் செய்தி எட்டியது.

“ராத்திரி ஊட்ல இருன்னுதான் கேக்கறாங்க. வேற இன்னா கேட்டாங்க?”

“அவங்க கேக்கறது நாயம்தாம்மா. நான்தான் முடியாதுன்றேன்.”

“எனக்கப்புறம் உனக்கு யாருடி இருப்பாங்க?”

மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள். அக்கா அந்த வீட்டில் குடியேறினார். வேறு வரன் பார்க்க அவர் விடவில்லை.

கால் வீக்கத்தை, நின்றே பார்க்கும் வேலை என்று சொல்லி ஒதுக்கிவந்தார். சிறுநீரகம் கெட்டிருந்தது தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. மருத்துவமனையில் அம்மாவும் நானும் மாறி மாறி இருந்தோம். அவர் தனியாக இருந்தார் என்று எழுத மாட்டேன். துணை இருந்தது என்றும் எழுத முடியவில்லை.

அவரைக் கவனித்த மருத்துவர்களுக்கும், தங்களில் ஒருவராக அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், இன்று முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நன்றி. அன்று இறுதிச் சடங்குக்கு, இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல் ரயிலேறி ஊருக்கு வந்த தொழிலாளர்களுக்குத் தனியே சொல்ல வேண்டும். அக்காவை வெள்ளைச் சீருடையில் அனுப்ப வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அம்மா இசையவில்லை. முகூர்த்தத்துக்கென எடுத்து, பெட்டியிலேயே இருந்த பட்டுப்புடவையைக் கட்டினார். மறுபேச்சின்றி அப்படியே தூக்கிச் சென்ற அவர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.