கண் வைக்காத முயல்

கொலை செய்தது யார் என்று தெரியும்வரை என் அண்ணி பொம்மைக்குக் கண் வைக்கமாட்டார். கேட்டால் ஏதோ மாந்திரீகம் போலத் தோன்றும். அப்படியெல்லாம் இல்லை. அண்ணிக்குத் துப்பறியும் நாவல் என்றால் உயிர். அதுவும் ரத்தம் தெறிக்கிற ரகம் ஆகாது. கொலை முதல் அத்தியாயத்திலேயே யாருக்கும் தொந்தரவில்லாமல் நடந்து முடிந்துவிட வேண்டும். பிறகு எல்லோரும் டீ குடித்துக்கொண்டே ஒருவரையொருவர் சந்தேகப்பட வேண்டும். கடைசியில் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, கெட்டிக்காரப் பெண் ஒருத்தி உண்மையைப் போட்டு உடைக்க வேண்டும்.

நாவலைப் பிரிக்கிற அன்றைக்கே புது பொம்மைக்கும் கம்பளி நூலில் முதல் கண்ணி போட்டுவிடுவார். மடியில் புத்தகம், பக்கம் மூடாமலிருக்கத் துணி காயப்போடுகிற கிளிப், கையில் இரண்டு பின்னல் ஊசி. உடம்பு, கால், காது, வால் எல்லாம் பின்னி, பஞ்சடைத்து, தைத்து முடித்தாலும் சரி, குற்றவாளி இன்னார்தான் என்று அவர் மனதுக்குள் தீர்ப்பு எழுதும்வரை அந்தப் பிராணி குருடாகவே அலமாரியில் காத்திருக்கும். தீர்ப்பு வந்ததும் கறுப்பு நூலில் இரண்டு கண்ணையும் தைத்துவிட்டுத்தான் மிச்சப் பக்கங்களைப் படிப்பார். கணிப்பு தப்பினால் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். தப்பாது என்றார். தப்பும். எங்கள் வீட்டில் மாறுகண் கரடி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால் அண்ணன் பேச்சை மாற்றிவிடுவார்.

அண்ணிக்கு இந்தத் தன்னம்பிக்கை வந்தது தொழிலிலிருந்து. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் பொருத்துகிற வேலை. வாடிக்கையாளர் வாசலில் நுழையும்போதே இவருக்கு இடது காது கொஞ்சம் கீழே என்று சொல்லிவிடுவார். ஃபிரேமின் காதில் மாட்டுகிற காலை லேசாகச் சூடுகாட்டி, விரலால் ஒரு வளை வளைத்து மாட்டினால் பிசகாமல் உட்காரும். முகத்தைப் பார்த்தே அளவு சொல்கிறவள் ஆளைப் பார்த்துக் குணம் சொல்லமாட்டேனா என்பது அவர் வாதம். காது வேறு, குணம் வேறு என்று எடுத்துச் சொல்ல எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தைரியம் கிடையாது. எனக்கு உண்டு. ஆனால் நான் நாத்தனார், நான் சொன்னால் அதற்கு வேறு அர்த்தம் எடுப்பார்கள்.

அந்தக் கடைக்கு நேர் மேல்மாடியில் பல் ஆஸ்பத்திரி. அங்கே வரவேற்பில் உட்கார்ந்திருப்பது நான். மதியச் சாப்பாட்டுக்கு அண்ணி படியேறி வந்துவிடுவார். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னாலேயே ஊரைக் கூட்டுகிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, காத்திருக்கிற அறையின் அலமாரியில் தன் பொம்மைகளைக் கொண்டுவந்து அடுக்கினார். யானை, நரி, வாத்து, முள்ளம்பன்றி, தீர்ப்பு வராததால் இன்னும் கண் வைக்காத முயல்கூட. நாற்காலியில் உட்காரப்போகிற பிள்ளை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொள்ளலாம், போகும்போது திரும்ப வைத்துவிட வேண்டும். பொம்மைகளை வெளியே எடுத்துச் செல்லக் கூடாது என்று டாக்டரே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார். எங்கள் டாக்டர் சிரித்து நான் பார்த்ததில்லை. முகத்தில் மாஸ்க் இருப்பதால் நஷ்டமும் இல்லை.

போன மழைக்காலத்தில் அலமாரி இளைக்க ஆரம்பித்தது. முதலில் நரியைக் காணோம். பிறகு வாத்து, அப்புறம் யானை, கடைசியில் கண் வைக்காத முயல். நான்தான் அண்ணியிடம் சொன்னேன். பொம்மை போன வருத்தம் அவர் முகத்தில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. தலைகால் புரியாத சந்தோஷம். இத்தனை வருஷம் காகிதத்தில் படித்தது கடைசியில் படியேறி வந்திருக்கிறதே! டாக்டரிடம் போய் விசாரிக்கலாமா என்று கேட்டார். போனால் போகட்டும், விட்டுவிடுங்கள் என்று டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொல்லிவிட்டார். அண்ணி விடுகிற ஆளா?

துப்பறியும் நாவல் படிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யார்மேல் யாருக்கும் சந்தேகம் வராதோ அவர்மேல்தான் இவர்களுக்கு முதலில் வரும். எங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி ஒருத்தி இருந்தாள். டாக்டருக்குக் கருவி எடுத்துக்கொடுக்கிற உதவியாளர். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான், இன்னும் நிரந்தரமாக்கவில்லை. எள் என்றால் எண்ணெயாக நிற்பாள். வாய் மட்டும் திறக்கமாட்டாள். அதனால் அவளுக்கு அமைதி என்று பெயர் வைத்திருந்தோம். அவளை வேலைக்கு அனுப்ப மாமியாருக்கு இஷ்டமில்லை, ஏதாவது பேச்சு வந்தால் மறுநாளே நின்றுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் வருகிறாள் என்பது எனக்குத் தெரியும். அண்ணிக்கும் தெரியும். அமைதியாக இருக்கிறவள்தான் எடுத்திருப்பாள் என்று என் காதில் ஓதினார். அந்தப் பெண்ணை விடுங்கள் என்றேன். நீ கடைசி அத்தியாயத்துக்கு வந்து பேசு என்றார்.

கடைசி அத்தியாயம் ஒரு மத்தியானம் வந்தது. அமைதி தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுக்கும்போது சாம்பல் நிறத்தில் இரண்டு காது வெளியே எட்டிப் பார்த்தது. முயல். அண்ணி பின்னுகிற அதே முயல், அதே கம்பளி நூல். முக்கியமாக, முகத்தில் கண் இல்லை. உலகத்தில் கண் வைக்காமல் பொம்மையை விட்டுவைக்கிற ஒரே ஆள் தான்தான் என்பதில் அண்ணிக்குச் சந்தேகமே கிடையாது.

அறையில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அண்ணி நடுவில் வந்து நின்றுகொண்டார். நாவலில் வருகிற மாதிரியே நிதானமாக, நரியில் தொடங்கி, ஒவ்வொரு பொம்மையும் எந்த நாள் போனது, அன்றைக்கெல்லாம் யார் கடைசியாகக் கிளம்பியது என்று வரிசையாகச் சொன்னார். பிறகு பையைக் காட்டி, “கையும் களவுமா மாட்டினா இதுக்கு மேல என்ன சொல்றது?” என்றார். அமைதி முகம் வெளுத்துப்போய் நின்றாள். ஏற்கெனவே மருந்துச் சீட்டு வாங்கிவிட்ட ஒரு அம்மாள், முழுக்கதையும் கேட்பதற்காகவே நின்றிருந்தவர், த்சொ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அண்ணி பையிலிருந்து முயலை எடுத்தார். எல்லோருக்கும் காட்டத்தான் எடுத்தார். எடுத்தவர் விரல் அதன் வயிற்றில் ஒருமுறை ஓடியது, பிறகு மெதுவாக இன்னொருமுறை.

பின்னுகிறவர்களுக்குத் தங்கள் கை தெரியும். ஊசியைக் கண்ணிக்கு முன்னால் விட்டு நூலை இழுத்தால் கண்ணி நேராக நிற்கும். பின்னால் விட்டு இழுத்தால் திருகிக்கொள்ளும். சொல்லித்தர ஆளில்லாமல், ஒரு பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே கற்றுக்கொள்கிறவர்கள் செய்கிற தவறு அது. இந்த முயலின் கண்ணிகள் மூக்கிலிருந்து வால்வரைக்கும் திருகியிருந்தன.

அந்த அறையில் இது அண்ணியைத் தவிர யாருக்கும் தெரியாது. எனக்கே அவர் பிற்பாடு சொல்லித்தான் தெரியும். முயலைப் பையில் திரும்பப் போட்டு, போகட்டும் மன்னித்துவிடலாம் என்று பெரிய மனுஷி மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். அண்ணியின் பெயரும் நிலைத்திருக்கும், அமைதியின் வேலையும் போயிருக்கும். எத்தனை நேரம் யோசித்தீர்கள் என்று பின்னால் அண்ணியிடம் கேட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று என்மேலேயே எரிந்து விழுந்தார்.

“இது நான் பின்னினது இல்ல. இந்தப் பொண்ணு பின்னினது,” என்றார், குற்றம் சாட்டிய அதே குரலில். “நான் சொன்னது மொத்தமும் தப்பு.”

அப்போதுதான் டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். சத்தம் உள்ளே கேட்டிருக்கிறது. பல் பிடுங்கின பிள்ளைகள் சில பேர் பொம்மையை விடமாட்டேன் என்று அழும்போது, பின்வாசல் வழியாக எடுத்துக்கொண்டு போ, யாரிடமும் சொல்லாதே என்று அனுப்பியது அவர்தானாம். தான் ஒட்டின அறிவிப்பைத் தானே மீறியதைச் சொல்லக் கூச்சமாக இருந்ததாம். விட்டுவிடுங்கள் என்று சொன்ன ஆளை விட்டுவிட்டு, வாயே திறக்காத பெண்ணைப் பிடித்திருக்கிறோம். எனக்கு வந்த கோபத்துக்கு டாக்டர், அண்ணி இரண்டு பேரையும் அந்த நாற்காலியில் உட்காரவைத்து ஆளுக்கொரு பல்லைப் பிடுங்கியிருப்பேன்.

அண்ணி அமைதியிடம் போய் மன்னிப்புக் கேட்டார். அவள் அழவில்லை. முயலை வாங்கிக்கொண்டாள்.

“உங்ககிட்ட காட்டத்தான்க்கா கொண்டுவந்தேன். கண்ணை எப்படித் தைக்கறதுன்னு கேக்கலாம்னு.”

அண்ணியைப் பல வருஷமாகத் தெரியும் எனக்கு. அவர் முகம் அப்படிச் சுண்டி நான் பார்த்ததில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, வேண்டும் என்றும் இருந்தது.

அமைதிக்கு அன்றைக்குத்தான் வாய் திறந்தது. “இங்க இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. இப்ப இறங்கிப் போனாங்களே, அந்தம்மா எங்க தெரு. நான் வீடு போறதுக்குள்ள எங்க மாமியார்கிட்ட சொல்லிடுவாங்க. நாளைக்கு என்னை யாரு அனுப்புவா?”

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அண்ணி மூடி தேடிக்கொண்டு நிற்கவில்லை. வலிக்கிற முழங்காலோடு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தடதடவென்று படியிறங்கினார். கவுன்டரை அப்படியே போட்டுவிட்டு நானும் பின்னால் ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் அந்த அம்மாளைப் பிடித்துவிட்டார். அத்தனை பேர் மத்தியில், தான் சொன்னது தப்பு என்று சொன்னார். எனக்கு எதுக்குங்க இதெல்லாம் என்று அந்த அம்மாள் நெளிந்தார்.

“உங்களுக்குத்தான் வேணும். நான் சொன்ன பொய்யை நீங்க பாதி வழி கொண்டுவந்துட்டீங்க.”

பஸ் வந்தது. அந்த அம்மாள் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஏறினார். அண்ணியும் ஏறிவிட்டார். கடைக்கு நேரமாகிறது, எங்கே போகிறீர்கள் என்று கத்தினேன். “அவ மாமியார்கிட்ட நானே சொல்லிட்டு வரேன், கடையில சொல்லிடு,” என்றார் படியில் நின்றபடி. கொண்டையில் ஒரு பின்னல் ஊசி செருகியிருந்தது. அந்த அம்மாளின் பக்கத்து இருக்கையிலேயே போய் உட்கார்ந்ததையும் பார்த்தேன்.

நான் மேலே வந்தபோது அமைதி தட்டில் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணி உன் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார், உன் மாமியாரிடம் தானே சொல்லப்போகிறாராம் என்றேன். கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“எங்க மாமியாருக்குக் காது மந்தம்க்கா. நல்லாக் கத்திச் சொன்னாத்தான் விளங்கும். தெருவுக்கே கேக்கும்.”

ஐயோ, போன் பண்ணித் தடுக்கவா என்று கேட்டேன்.

“வேண்டாம்,” என்றாள். “கேக்கட்டும்.”

தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.