பூட்டிய கதவில் ஒரு ‘பி’

அம்பிகா வருவதற்கு முன்பு, டெல்லி ஜனக்புரிக்குப் பின்னாலிருந்த அந்த ஜுக்கிக் குடிசைகளில் காய்ச்சல் என்றாலும் பிரசவம் என்றாலும் சுந்தரவல்லியின் கதவைத்தான் தட்டுவார்கள். விழுப்புரத்திலிருந்து வந்து, பெரிய வீடுகளில் பாத்திரம் தேய்த்து, பிறகு சுகாதார ஊழியரானவள். ஆஸ்பத்திரி வரிசையில் இந்தியில் சண்டை போட்டு எத்தனையோ பேரை உள்ளே அனுப்பியிருக்கிறாள்.

இப்போது பாதிச் சந்துகளை அம்பிகாவுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். நேற்று வந்த பெண். குழந்தையை மடியில் போட்டு ஏதாவது பாடுவாள். அது வாயைத் திறந்து சிரிக்கும்போதே போலியோ சொட்டு உள்ளே போயிருக்கும். பெண்கள் அதைப் பார்க்கவே கூடுவார்கள். சுந்தரவல்லி மூக்கைப் பிடித்துத்தான் கொடுப்பாள்.

மருந்து கொடுத்த குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை வைக்க வேண்டும். வீட்டில் எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தாயிற்றென்றால் கதவில் சாக்பீஸால் ‘பி’. விடுபட்டால் ‘எக்ஸ்’. அம்பிகாவின் சந்தில் ஒரு எக்ஸ்கூட இல்லையென்று போன முறை மேற்பார்வைக்கு வந்த மேடம் எல்லார் முன்னாலும் புகழ்ந்ததிலிருந்து சுந்தரவல்லிக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த முறை சுந்தரவல்லியின் சந்தில் பூட்டியிருந்தது இளவரசி வீடு மட்டும்தான். கைக்குழந்தைக்காரி, வேலைக்குப் போயிருந்தாள். சாயங்காலம் கொடுத்துக்கொள்ளலாம் என்று சுந்தரவல்லி பூட்டுக்கு மேலே ‘பி’ எழுதினாள்.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். கால் கேட்கவில்லை. அம்பிகாவின் சந்துக்குப் போய், எதிர்ப்பட்ட குழந்தைகளின் கையையெல்லாம் பிடித்துப் பார்த்தாள். இட்லி விற்கும் பொன்னம்மாளின் இடுப்பில் ஒரு குழந்தை. சுண்டுவிரலில் மை இல்லை.

“இன்னாடி அம்பிகா! உன் சந்துலயும் ஒண்ணு உட்டுப்போச்சா? மேடம் வரட்டும்!” குழாயடியில் நின்ற அம்பிகாவைப் பார்த்துக் கத்தினாள்.

பொன்னம்மாள் குழந்தையின் குல்லாயை விலக்கினாள். “மூஞ்சியப் பாரும்மா. இளவரசி புள்ள. வேலைக்குப் போறப்ப எங்கிட்ட உட்டுட்டுப் போவா. உன் சந்துப் புள்ளயே உனக்குத் தெரியலயா?”

குழாயடியில் சிரிப்பு எழுந்தது. சுந்தரவல்லி விரலை மட்டும்தான் பார்த்திருந்தாள்.

அம்பிகா சிரிக்கவில்லை. குழந்தையை வாங்கி, சொட்டு விட்டு, மை வைத்தாள். பிறகு கிட்டே வந்தாள். “அக்கா, மேடம் வர்ற நேரம். அந்தக் கதவுல ‘பி’ பாத்தேன். நீங்க குடுத்ததாவே இருக்கட்டும். நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

குழாயடிச் சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டிருந்தாள். இதைப் பொறுக்க முடியவில்லை. இனி இவளைப் பார்க்கும்போதெல்லாம் இந்த உபகாரம் நினைவுக்கு வருமே!

சுந்தரவல்லி விறுவிறுவென்று இளவரசி வீட்டுக்கு நடந்தாள். மேடம் சந்துக்குள் நுழையும்போது முந்தானையால் ‘பி’யை அழித்து, பெரிதாக ‘எக்ஸ்’ போட்டுக்கொண்டிருந்தாள்.

“க்யா ஹுவா?” என்ன நடந்ததென்று கேட்டார் மேடம்.

“பூட்டுன வீட்டுக்கு நான்தான் பி போட்டேன் மேடம். மருந்து குடுத்தது அம்பிகா,” என்று இந்தியில் சொன்னாள்.

சந்து முழுக்கக் கேட்கும்படி திட்டு விழுந்தது. தலை நிமிர்ந்தே வாங்கிக்கொண்டாள். ஓரக்கண்ணால் பார்த்தபோது, பின்னாலேயே வந்திருந்த அம்பிகா இவளுக்காகக் கண் கலங்கி நின்றாள். அதையும் நன்றாகத்தான் செய்கிறாள் என்று தோன்றியது. பார்க்கச் சகிக்கவில்லை.